பழைய டைவிங் ரெகுலேட்டர் வாங்கிச் சர்வீஸ் செய்து பயன்படுத்தலாமா? 250 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) முடியுமா?

தியோமன்_பயணி:

வணக்கம். சிங்கப்பூரில் இருக்கிறேன். ஓப்பன் வாட்டர் (ஆரம்ப நிலை டைவிங் பயிற்சி) முடித்து இரண்டு வருடம் ஆகிறது, இதுவரை 34 டைவ், எல்லாம் மலேசியத் தீவுகள், பெரும்பாலும் தியோமன், ஒருமுறை பெர்ஹென்தியான். முகமூடி, கால் துடுப்பு, டைவ் கம்ப்யூட்டர் எல்லாம் சொந்தமாக இருக்கிறது, ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி தரும் கருவி) மட்டும் இன்னும் வாடகைதான்.

போன தடவை 16 மீட்டரில் வாடகை ரெகுலேட்டர் ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் உப்புத் தண்ணீரைச் சேர்த்துக் கொடுத்தது. பர்ஜ் பொத்தானை அழுத்திக் காற்றால் தண்ணீரை வெளியே தள்ளிப் பார்த்தேன், நிற்கவில்லை. ஆக்டோவுக்கு (அவசரத்துக்கு இருக்கும் இரண்டாவது வாய்ப் பகுதி) மாறி மேலே வந்தேன். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. யார் கடித்தது, யார் கழுவியது என்று தெரியாத பொருளை இனிமேல் வாயில் வைக்க மனம் வரவில்லை.

புதிய செட் நான் பார்த்த கடைகளில் என் கைக்கு எட்டாத விலை. ஊருக்குப் பணம் அனுப்பியது போக இதற்கு 250 வெள்ளிதான் ஒதுக்க முடியும். கேரசலில் (பழைய பொருள் விற்கும் ஆப்) மூன்று பார்த்து வைத்திருக்கிறேன்:

ஸ்கூபாப்ரோ எம்கே2 (சிலிண்டரில் மாட்டும் பகுதி), கூட ஆர்190 (வாயில் வைக்கும் பகுதி), ஆக்டோ, பிரஷர் கேஜ் (சிலிண்டரில் மீதிக் காற்றைக் காட்டுவது) எல்லாம் சேர்த்து 120 வெள்ளி. கடைசியாக 2017இல் சர்வீஸ் செய்தது என்கிறார். அடுத்து கான்ஷெல்ஃப் 14, 60 வெள்ளி, கேஜ் இல்லை, ஒரு பெரியவருடைய பழைய பொருள். மூன்றாவது ஒரு டாகோர், 40 வெள்ளி, படத்தில் புதுசு மாதிரி பளபளவென்று இருக்கிறது, பெட்டியோடு.

எனக்கு டாகோர் மேல்தான் கண். எது எடுக்கலாம்? விற்பவரின் புளோக் (அடுக்குமாடி) கீழே நின்று பார்க்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்? வீடியோ பார்த்து நானே பிரித்துச் சுத்தம் செய்ய முடியுமா? எனக்குக் கை வேலை வரும், சைக்கிள் முழுக்க நானே பிரித்துச் சேர்ப்பேன்.

ராயபுரத்தான்:

முதலில் டாகோரை மறந்துவிடுங்கள். நல்ல கம்பெனிதான், ஒரு காலத்தில் அமெரிக்காவில் பெரிய பெயர். 1990களின் கடைசியில் மாரெஸ் கைக்குப் போனது, அப்புறம் அந்தப் பெயரே நின்றுபோனது. பளபளப்பாக இருப்பதால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை, உள்ளே இருக்கும் ரப்பர் அலமாரியில் கிடந்தாலும் காய்ந்துதான் போகும். அதை மாற்ற சர்வீஸ் கிட் (தேயும் பாகங்களின் மாற்றுப் பொட்டலம்) தேடி அலைவீர்கள். பழைய ரெகுலேட்டரைப் பற்றி யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, இதற்கு சர்வீஸ் கிட் இன்றைக்குக் கிடைக்குமா, அதைப் போடத் தெரிந்த ஆள் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்பதுதான். இரண்டுக்கும் ஆம் என்றால் முப்பது வருடப் பழசும் நல்ல பொருள்.

நான் மெல்பர்னில் இருக்கிறேன். 1950களின் தொடக்கத்தில் டெட் எல்ட்ரெட் என்பவர் 'பார்பஸ்' என்ற ஒற்றைக் குழாய் ரெகுலேட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது இந்த ஊரில்தான். அதற்கு முன்னால் 1943இல் கூஸ்தோவும் கான்யானும் செய்தது முதுகில் இருந்து இரண்டு தடித்த குழாய் வரும் வகை. சிலிண்டரில் ஒரு கட்டம் (ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்), வாயில் ஒரு கட்டம் (செகண்ட் ஸ்டேஜ்), நடுவில் ஒரு ஹோஸ் என்கிற ஏற்பாடு அன்றிலிருந்து அடிப்படையில் மாறவே இல்லை. உங்களுக்கு இதில் என்ன என்றால், பழைய பித்தளை உடம்பு ஒன்று ஒழுங்காக இருந்தால் அது இன்றைய பொருள் செய்யும் வேலையைச் செய்யும்.

எம்கே2 சாதாரண அன்பேலன்ஸ்டு பிஸ்டன். உள்ளே அசையும் பாகம் ஒன்றே ஒன்று. பல டைவ் கடைகள் வாடகைக்கு வைத்திருப்பதும் இதைத்தான். சிலிண்டர் காலியாக ஆக இதன் இடை அழுத்தம் (வாய்ப் பகுதிக்குப் போகும் காற்றின் அழுத்தம்) கொஞ்சம் இறங்கும், அதனால் சிலிண்டரில் 50 பாருக்குப் (பார் என்பது அழுத்த அளவு) பக்கத்தில் மூச்சு இழுப்பது சற்றுக் கடினமாகத் தெரியும். தியோமனில் 18 மீட்டரில் பவளம் பார்க்கிறவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. கான்ஷெல்ஃப் 14 பேலன்ஸ்டு டயாஃப்ரம், எனக்கு மிகவும் பிடித்த பொருள், மூச்சு கடைசி வரை ஒரே மாதிரி வரும். ஆனால் அதைத் தொடத் தெரிந்த ஆள் சிங்கப்பூரில் கிடைப்பாரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆக்டோ, கேஜ், ஹோஸ் என்று தனித்தனியாகச் சேர்த்தால் 60 வெள்ளி 200 ஆகிவிடும். உங்கள் பட்ஜெட்டுக்கு எம்கே2.

இனி புளோக் கீழே பார்க்க வேண்டியது. ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாயில், சிலிண்டரில் உட்காரும் இடத்தில், ஒரு சின்ன உலோக ஃபில்ட்டர் தெரியும். அதை டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளி நிறத்தில் சுத்தமாக இருந்தால் சந்தோஷம். பச்சை ஏறியிருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போய்க் களிம்பு பிடித்திருக்கிறது என்று அர்த்தம், மூடி போடாமல் கழுவினால் இப்படித்தான் ஆகும். செம்பழுப்பாக இருந்தால் ஏதோ ஒரு இரும்புச் சிலிண்டரின் துரு. நிறம் மாறிய ஃபில்ட்டரை மாற்றலாம், ஆனால் அதைத் தாண்டி உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்பது பிரித்தால்தான் தெரியும். பச்சை என்றால் நான் பாதி விலைக்கு மேல் பேசவே மாட்டேன்.

அப்புறம் வாயால் ஒரு சோதனை. ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு (சில மூடிகள் காற்றை முழுதாக அடைக்காது, விரலையும் வையுங்கள்) செகண்ட் ஸ்டேஜில் மெதுவாக மூச்சு இழுங்கள். கொஞ்சம் வந்து அப்படியே நின்றுவிட வேண்டும். தொடர்ந்து காற்று வந்தால் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கலாம், வெளியேற்றும் வால்வு மடிந்திருக்கலாம், பெட்டி விரிசல் விட்டிருக்கலாம். உங்கள் வாடகை ரெகுலேட்டர் தண்ணீர் கொடுத்ததற்கும் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருந்திருக்கும். மௌத்பீஸ் கடிபட்டுக் கிழிந்திருந்தாலும் அதே கதைதான்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு, இடை அழுத்தம். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் 200 பாரை எடுத்துச் சுமார் 9, 10 பாருக்கு இறக்கிச் செகண்ட் ஸ்டேஜுக்கு அனுப்புகிறது. இதை அளக்கும் ஐ.பி. (இடை அழுத்தம்) கேஜ் சின்னப் பொருள்தான், பி.சி.டி. (மிதப்பைக் கட்டுப்படுத்தும் ஜாக்கெட்) இன்ஃப்ளேட்டர் ஹோஸின் முனையில் மாட்டுவது, விலையும் அதிகம் இல்லை. ரெகுலேட்டர் வாங்குவதற்கு முன்னால் அதை வாங்குங்கள். சிலிண்டரில் மாட்டி, வால்வை மெதுவாகத் திறந்து, பர்ஜை நாலைந்து தடவை தட்டிவிட்டு முள்ளைப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் அதே எண்ணுக்குத் திரும்பி, அங்கேயே அசையாமல் நிற்க வேண்டும். பத்து நிமிடம் விட்டுவிட்டு டீ குடித்து வாருங்கள். 9.5இல் நின்ற முள் 10.5, 11 என்று ஊர்ந்து ஏறினால் உள்ளே சீட் (காற்றை அடைக்கும் மெத்தை போன்ற பாகம்) தேய்ந்துவிட்டது, அல்லது சீட் உட்காரும் விளிம்பில் அடி. சீட் என்றால் கிட்டோடு சரியாகிவிடும். விளிம்பில் அடி என்றால், இந்த மாதிரி எளிய வகைகளில் அந்த விளிம்பு உடம்போடு சேர்த்தே கடைந்தது, உடம்பே போச்சு.

ஒரு எச்சரிக்கை: இந்தச் சோதனையைச் செய்யும்போது செகண்ட் ஸ்டேஜ் கண்டிப்பாக மாட்டியிருக்க வேண்டும். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் பழுதாகி அழுத்தம் ஏறினால் செகண்ட் ஸ்டேஜ் தானாகத் திறந்து காற்றை வெளியே விடும், அதுதான் பாதுகாப்பு வால்வு. அது இல்லாமல் கேஜை மட்டும் மாட்டினால் முகத்துக்கு நேரே வெடிக்கலாம். அதேபோல சிலிண்டர் திறக்கும்போது பிரஷர் கேஜின் கண்ணாடி யாரையும் பார்த்திருக்கக் கூடாது.

நீங்களே பிரிப்பது பற்றி. சைக்கிள் கை இதற்கு உதவும், ஆனால் முதல் தடவை வேண்டாம். இந்தத் தடவை சர்வீஸுக்குக் கொடுங்கள். முடிந்தால் பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள், சிலர் விடுவார்கள்.

முத்துநகர்_மீரான்:

குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். ஓ-ரிங்கை (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) பம்புசெட் கடையில் அளவு பார்த்து வாங்கிப் போட்டால் என்ன? எங்கள் பக்கம் படகில் போகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், மேலே கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் நன்றாக உட்கார்கிறது என்கிறார்கள்.

ராயபுரத்தான்:

மீரான் பாய், எண்ணெய் மட்டும் கூடவே கூடாது. தேங்காய் எண்ணெய், வண்டிக் கிரீஸ், டபிள்யூடி-40 எதுவும். 200 பார் காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு மட்டும் 40 பாருக்கு மேல். அந்த அழுத்தத்தில் வால்வைப் படக்கென்று திறந்தால் உள்ளே சூடு ஏறும், எண்ணெய் எரியக் கூடியது. மூச்சில் அந்த ஆவியும் சேர்ந்துதான் போகும். சாதாரணக் காற்றுக்குச் சிலிக்கான் கிரீஸ் போதும், நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூட்டிய காற்று) என்றால் கிறிஸ்டோ-லூப் மாதிரி ஆக்ஸிஜன் தாங்கும் வகை. இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத அளவு தடவினால் போதும்.

ஓ-ரிங் வெளியே வாங்கலாம், ஆனால் அளவு மட்டும் பார்த்தால் போதாது, கடினத்தன்மையும் பார்க்க வேண்டும். உயர் அழுத்தப் பக்கம் 90 டியூரோ போடுகிற இடத்தில் 70 டியூரோ போட்டால் பிதுங்கி வெளியே வந்துவிடும். அவர்கள் போடும் பம்புசெட் ரிங் எது என்று யாருக்கும் தெரியாது. சீட் எப்போதும் கிட்டில் வருவதுதான்.

திருமலை_சுழியோடி:

அண்ணை சொன்னதில் பெரும்பாலும் எனக்கு உடன்பாடு, ஒரே ஒரு இடத்தில் இல்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் திருகோணமலையில் சுழியோடிகளைக் கூட்டிப் போகிறவன். நிலாவெளி, புறாத்தீவுப் பக்கம், ஏப்ரல் கடைசி தொடங்கி செப்டெம்பர் வரை கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் தண்ணீருக்குள். என்னுடைய ரெகுலேட்டர் மூன்றும் பழசாக வாங்கியவைதான். அதனால் பழசு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன் தம்பி. ஆனால் ஹோஸைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் முதல் பார்ப்பது ஹோஸ். ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் இருந்து வெளியே வரும் இடத்தில் ரப்பர் காப்பு ஒன்று இருக்கும், அதைப் பின்னால் இழுத்துவிட்டு ஹோஸை வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தாலோ, உலோகப் பிடியில் பச்சை கசிந்திருந்தாலோ ஹோஸ் முடிந்தது. 2017இல் சர்வீஸ் செய்தது என்றால் ஹோஸ் அதற்கும் பழசாக இருக்கும், எல்லா ஹோஸும் மாற்றும் செலவைக் கணக்கில் வைத்துக்கொண்டே விலை பேசுங்கள். பின்னல் உறை போட்ட ஹோஸ் என்றால் இன்னும் கவனம். வெளியே அழகாக இருக்கும், ஆனால் பழைய சிலவற்றில் உள் குழாய் சிதைந்து படிகம் மாதிரி கட்டிக் காற்றை அடைத்திருக்கிறது, டைவர்களின் பாதுகாப்புக்கான டான் அமைப்பு இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பழைய பின்னல் ஹோஸை நான் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

பிரஷர் கேஜில் ஹோஸ் சேரும் இடத்தில் குமிழ் வந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே ஸ்பூல் என்று ஒரு குண்டூசி அளவு உருளை, அதில் இரண்டு பொடி ஓ-ரிங். மாற்றினால் நின்றுவிடும். ஆனால் காற்று இல்லாதபோதும் முள் பூச்சியத்துக்கு வராத கேஜ் என்றால் எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

உடன்பாடு இல்லாத இடம் இதுதான். அண்ணை பச்சை ஃபில்ட்டர் என்றால் பாதி விலை என்கிறார். நான் வாங்கவே வேண்டாம் என்பேன். நாலு வருடத்துக்கு முன்னம் பச்சை ஏறிய ஒன்றை மலிவாக வாங்கினேன். வினிகரில் போட்டு எடுத்தோம், மேல் பச்சை எல்லாம் போனது, கிட் போட்டோம், மேசையில் எல்லாம் சரியாக நின்றது. இரண்டு மாதத்தில் இடை அழுத்தம் ஏறத் தொடங்கியது. திரும்பப் பிரித்தால், ஓ-ரிங் உட்காரும் சுவரில் களிம்பு தின்ற சின்னச் சின்னக் குழிகள். அதற்கு மருந்து இல்லை. கிட் காசு, உழைப்பு இரண்டும் போனது. அனுபவம் உள்ள அண்ணைக்கு பிரித்துப் பார்த்து முடிவெடுக்கத் தெரியும், முதல் தடவை வாங்குகிறவருக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியவில்லை. வடக்கில் கடலட்டை பிடிக்கப் போகிற பெடியன்கள் சிலிண்டர் போட்டுத்தான் இறங்குகிறார்கள். நான் பார்த்த சிலரிடம் பிரஷர் கேஜே இல்லை, மூச்சு இறுகினால் மேலே வருவது என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு. வாதம் (வேகமாக மேலே வருவதால் உடம்பில் வாயுக் குமிழ் உண்டாகும் நோய்) அடித்து நடக்க முடியாமல் போனவர்களையும் தெரியும். அவர்கள் வயிற்றுப் பாட்டுக்கு இறங்குகிறார்கள், வேறு வழி இல்லை. நீங்கள் விருப்பத்துக்கு இறங்குகிறீர்கள், உங்களுக்கு வழி இருக்கிறது, ஆகவே சர்வீஸ் காசில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ராயபுரத்தான்:

திருமலைத் தம்பி சொல்வது சரி, நான் என் மேசையை வைத்துச் சொல்லிவிட்டேன். பச்சை என்றால் வேண்டாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வினிகர் பேச்சு வந்ததால் யாராவது பின்னால் படிப்பவர்களுக்காக: குரோம் பூசிய பித்தளைக்கு மட்டும், வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி, ஐந்து பத்து நிமிடம். இரவு முழுக்க ஊறப் போட்டால் குரோம் பூச்சுக்கு அடியில் இருக்கும் பித்தளையையும் அரித்து, பூச்சு தோல் மாதிரி உரிந்து வரும். அலுமினியப் பாகத்தை அதில் போடவே கூடாது. எடுத்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, சமையல் சோடா கலந்த தண்ணீரில் முக்கி, மறுபடி கழுவி, உடனே உலர்த்த வேண்டும். பழைய ஓ-ரிங்கை எடுக்க இரும்பு ஊசி வேண்டாம், பித்தளை அல்லது பிளாஸ்டிக் குச்சி. ஒரு கீறல் விழுந்தால் அது வாழ்நாள் கசிவு.

தியோமன்_பயணி:

மூவருக்கும் மிக்க நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

ஐ.பி. கேஜ் 28 வெள்ளிக்கு வாங்கினேன். கூட டைவ் செய்யும் நண்பர் சிலிண்டர் கொண்டுவந்தார், இருவரும் எம்கே2 பார்க்கப் போனோம். ஃபில்ட்டர் சுத்தமாக இருந்தது. வாயால் இழுத்ததில் ஆர்190 பிடித்து நின்றது, ஆக்டோ நிற்கவில்லை, மூடியைக் கழற்றிப் பார்த்தால் வெளியேற்றும் வால்வின் ஓரம் மடிந்து அப்படியே காய்ந்திருந்தது. ஐ.பி. 9.2இல் தொடங்கி ஏழு நிமிடத்தில் 10.4. விற்பவர் நல்ல மனிதர், நாங்கள் கேஜைக் காட்டி விளக்கியதும் அவரே ஆச்சரியப்பட்டார், இதை இப்படியே யாருக்காவது கொடுத்திருப்பேனே என்றார். 120 கேட்டவர் 70க்குக் கொடுத்துவிட்டார். ஹோஸ் மூன்றிலும் காப்புக்கு அடியில் வெடிப்பு, திருமலை அண்ணன் சொல்லாவிட்டால் நான் அந்தக் காப்பை நகர்த்தியே பார்த்திருக்க மாட்டேன்.

சர்வீஸ் செய்பவர் பிரிக்கும்போது பக்கத்தில் நிற்க விட்டார். சீட்டில் வட்டமாக ஆழமான தழும்பு, விளிம்பில் ஒன்றும் இல்லை, பூதக்கண்ணாடி வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். அந்த நிமிடம்தான் எனக்கு உயிர் வந்தது. இரண்டு கட்டத்துக்கும் ஆக்டோவுக்கும் கிட், கூலி எல்லாம் சேர்த்து 115. ஹோஸ் மூன்று 78, மௌத்பீஸ் இரண்டு 10. ரெகுலேட்டர் 70, கேஜ் 28. மொத்தம் 301. பட்ஜெட் 51 வெள்ளி தாண்டிவிட்டது, இந்த மாதம் சமாளித்துக்கொள்வேன். இப்போது ஐ.பி. 9.4, ராத்திரி அரை மணி நேரம் விட்டுப் பார்த்தேன், முள் அசையவில்லை.

நேற்று நீச்சல் குளத்தில் இறங்கினேன். மூச்சு நன்றாக வருகிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரே ஒரு சந்தேகம். ஆக்டோ வாய்ப்பக்கம் மேலே பார்த்தபடி தண்ணீரில் விழுந்தால் உடனே சர்ரென்று ஓடத் தொடங்குகிறது. திருப்பினால் நின்றுவிடுகிறது. அடுத்த வாரம் தியோமன், மெர்சிங்கில் இருந்து வெள்ளிக்கிழமை காலை படகு. இதைத் திரும்பக் கொண்டுபோக வேண்டுமா?

திருமலை_சுழியோடி:

அது பழுதில்லை தம்பி. வாய் மேலே பார்த்தால் டயாஃப்ரம் கொஞ்சம் ஆழத்தில் இருக்கும், தண்ணீர் அழுத்தி வால்வைத் திறந்துவிடும். முக்கிய செகண்ட் ஸ்டேஜை இலகுவாக வைத்து, ஆக்டோவைச் சற்று இறுக்கமாக வைப்பதுதான் வழக்கம், உங்களுடையதை இரண்டையும் ஒரே அளவில் வைத்திருக்கிறார் போல. கொண்டுபோய் ஆக்டோவைக் கொஞ்சம் இறுக்கித் தரச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. அதுவரை வாய் கீழே பார்த்தபடி நெஞ்சில் மாட்டி வையுங்கள், நீரோட்டத்தில் தொங்க விடாதீர்கள்.

வீட்டுக்கு வந்து கழுவும்போது மூடியைத் துடைத்து உலர்த்திய பிறகே போடுங்கள். கழுவும் தண்ணீருக்குள் இருக்கும்போது பர்ஜைத் தொடாதீர்கள், தொட்டால் தண்ணீர் ஹோஸ் வழியாக ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வரை போகும்.

ராயபுரத்தான்:

ஐ.பி. எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தியோமன் போய் வந்ததும் மறுபடி அளந்து இங்கே போடுங்கள், புது சீட் முதல் சில டைவில் படிந்து உட்காரும்போது எண் சற்று மாறும், எவ்வளவு மாறியது என்று பார்ப்போம்.